இடது காதில் விழுந்த வசவு

"காதுக்கு இன்னிக்கு ரெண்டாவது ஊசி. கிளம்புக்கா!"

"நான் வரலை. முதல் ஊசியில கேட்டுடுச்சா என்ன?"

"ரெண்டு வாரத்துக்குள்ள வைத்தியம் பாத்தாதான் பலன்னு டாக்டர்..."

"சிலருக்கு முழுசா திரும்பும், சிலருக்குப் பாதி, சிலருக்கு ஒண்ணுமே இல்லைன்னும் அவர்தானே சொன்னார்!"

தங்கச்சி, காலையில் இப்படித்தானே கத்திக்கொண்டோம்? அப்புறம் சலவைக்கடை வேலைக்கு நேரமாகிவிட்டதென்று என் இடது பக்கம் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே முணுமுணுத்தாய்: "பிடிவாதம் பிடிச்ச கிழவி."

நீ படியிறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒன்பது நாளாகச் செத்துக் கிடந்த காதுப் பக்கமல்லவா அது! வலது காதை அழுத்திப் பொத்திக்கொண்டு குழாயைத் திறந்தேன். பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோலத் தண்ணீர்ச் சத்தம் கேட்டதடி. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

பயத்தில்தான் அடம்பிடித்தேன். இப்போது நானே ஊசிக்குப் போகிறேன். காதுக்குக் கொடுத்த மாத்திரையையும் டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பேன், நானாக நிறுத்த மாட்டேன்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சுடவைத்துச் சாப்பிடு. சாவி எதிர்வீட்டு டீச்சரிடம்.

பி.கு.: முழுசாகத் திரும்பாவிட்டால் காது மெஷினுக்கும் சம்மதம். ஆனால் நிறத்தை நான்தான் தேர்ந்தெடுப்பேன்.

இன்னொன்று. நீ பஸ் ஏறும்போது ஜன்னலில் நின்று கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிவிட்டாய்.

"அடியே, இன்னொரு தடவை திட்டுடி!"