தொப்பியின் விளிம்புக்குக் கீழே

என் அன்புத் தம்பி தவம்,

அன்றைக்கு நீ கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். ஆட்டத்தை வென்றுவிட்டு, யாரோ ஒருவருடைய காரில் வந்து, தேவாலய மூலையில் இறங்கி, மிச்சத் தூரத்தை நடந்து வந்தாய். கையில் ஈயத்தாளில் சுற்றிய பிளம்ஸ் கேக். நான் அகதி விடுதி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டு நின்றேன்.

"அக்கா, நான் எங்கை படுக்கிறன் எண்டு இந்த ஊர்ச் சனத்திலை ஆருக்காவது தெரியுமோ?"

"நீ சொன்னால்தானே தெரியும். வாசல்வரை வர விடாமல் மூலையிலை இறங்கினால் அவைக்கு என்னெண்டு தெரியும்?"

"எழுதிக் குடுத்திருக்கிறன் அக்கா. வாசிக்கிறது அவையின்ரை பாடு."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். நான் அதைப் பகிடி என்று நினைத்தேன். ஈரத் துணியை உதறிக்கொண்டு, "கேக்கை எறும்பு மொய்க்கப் போகுது, உள்ளை கொண்டுபோ" என்றேன். இவ்வளவுதான் நான் சொன்ன பதில்.

நீ போய் எட்டு மாதமாகிறது. உன் கேள்விக்கான பதில் எனக்கு இப்போதுதான் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று சஞ்சிகைக்கும் கொடுக்கிறேன். கோபிக்காதே. அவர்களுக்காகச் சிலவற்றை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஆசிரியையின் பழக்கம், பொறுத்துக்கொள்.

எண்பத்தைந்தில் நாம் இருவரும் கிழக்கு பெர்லினில், ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினோம். பிறகு மேற்கு ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் முக்கால் மணிநேரத் தூரத்தில் இருந்த ஒரு சிறு நகரத்து விடுதிக்கு அனுப்பினார்கள். ஹைம் என்றுதான் எல்லாரும் சொல்வோம். நீ மேல்மாடியில் பதினான்காம் அறை. ஆறு பேர், மூன்று இரட்டைக் கட்டில்கள். உனக்கு மேல் கட்டில், பரமு அண்ணைக்குக் கீழ்க் கட்டில். எனக்குக் கீழ்மாடியில், வேறு இரண்டு பெண்களோடு ஓர் அறை. வேலை செய்யக்கூடாது. படிக்க அனுமதி இல்லை. அனுமதிக் கடிதம் இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. அந்த எல்லையை நான் கண்ணால் கண்டதில்லை. ஒரு மரமோ வேலியோ இல்லை. ஆனால் ரயிலில் எந்த நிறுத்தத்தோடு நம் உலகம் முடிகிறது என்று எல்லாருக்கும் மனப்பாடம்.

ஹைமுக்குப் பின்னால் கம்பி வேலி. வேலிக்கு அப்பால் மைதானம். அங்கே அமெரிக்க ஃபுட்பால் ஆடினார்கள். காலால் உதைப்பதல்ல, கையால் எறிவது. ஒருநாள் முட்டை வடிவப் பந்து ஒன்று வேலி தாண்டி நம் குப்பைத் தொட்டியருகே விழுந்தது. நீ எடுத்து எறிந்தாய். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து விக்கெட் காப்பாளனின் கைக்கே எறிந்து பழகிய கை. பந்து மைதானத்தின் மறுகரையில் நின்றவனின் மார்பில் போய் விழுந்தது. பயிற்சியாளர் அமெரிக்க இராணுவத்திலிருந்து விலகி அந்த ஊரிலேயே திருமணம் செய்தவர். அவர் அதே பந்தைத் தூக்கிக்கொண்டு வேலியருகே ஓடிவந்து, "இன்னொரு முறை" என்றார்.

ஆறு மாதத்தில் நீ அவர்களுடைய குவார்ட்டர்பேக். அது என்ன என்று பரமு அண்ணை கேட்டபோது நான் சமையலறை மேசையில் தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கிக் காட்டினேன். "இந்தக் கோப்பைதான் தவம். பந்து முதலிலை இவன்ரை கைக்குத்தான் வரும். ஆருக்கு எறியிறது எண்டு இவன்தான் முடிவெடுக்கிறது. எதிராளி வந்து இவனை விழுத்தாமல் இருக்க, இந்த அஞ்சு பெரிய கோப்பையும் முன்னாலை நிண்டு அடி வாங்கும்."

"அஞ்சு வெள்ளைக்காரன் இவனுக்காக அடி வாங்குறானோ?" என்றார் பரமு அண்ணை. "நல்ல விளையாட்டுத்தான். அங்கை ஊர் பத்தி எரியுது, இஞ்சை துரை முட்டை எறியிறார்."

அப்படிச் சொன்ன மனிதர்தான் அடுத்த ஞாயிறு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எறியடா தம்பி, எறியடா! உந்தப் பன்னாடை வாறதுக்கு முதல் எறியடா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். நம் ஆட்கள் இருபது பேர் வேலிக்கு இந்தப் பக்கம். ஊர் முழுவதும் அந்தப் பக்கம். இரண்டு பக்கமும் உனக்காகத்தான் கத்தியது. வேலியை யாரும் பார்க்கவில்லை.

அந்த ஊர் உன்னைக் கொண்டாடியதை நான் மறுக்கமாட்டேன். ஹில்டா என்ற பேக்கரிக்கார அம்மா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கேக் சுட்டுவந்தார். இறைச்சிக் கடைக்காரர் உன் பன்னிரண்டாம் இலக்கத்தைக் கண்ணாடியில் எழுதி வைத்தார். ஆட்டம் முடிந்ததும் தொப்பிகளை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். நீ ஒவ்வொரு தொப்பியையும் திருப்பி, முன்விளிம்பின் அடிப்பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுப்பாய். எழுத்தின் வடிவத்தைப் பார்த்து, "எவ்வளவு வட்டமாக, எவ்வளவு அழகாக!" என்று வியப்பார்கள். ஒரு பெயருக்கு ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறாய் என்று நான் தள்ளி நின்று யோசித்திருக்கிறேன். கிட்ட வந்து பார்க்கவில்லை.

அந்த விளையாட்டுக் கழகத்தின் தலைவருக்குக் கார் திருத்தும் பட்டறை இருந்தது. உனக்கு அங்கே ஆவுஸ்பில்டுங் தருவதாகச் சொன்னார். மூன்று வருடத் தொழிற்பயிற்சி, கையில் ஒரு சான்றிதழ். அனுமதி மட்டும் கிடைத்தால், ஒரு கட்டிலுக்கு அப்பாலும் உனக்கு இந்த நாட்டில் ஓர் இடம் இருக்கும். அந்த வாரம் முழுவதும் நீ பரமு அண்ணையின் உடைந்த ரேடியோவைக் கழற்றிப் பூட்டிக்கொண்டே இருந்தாய், ஞாபகமா?

இனி என் பிழைக்கு வருகிறேன். அதை நீ ஒருநாளும் பிழை என்று சொன்னதில்லை. அதனால் நான் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்து ஆசிரியை நான். சான்றிதழை நம்பி வளர்ந்தவள். ஒரு விண்ணப்பம் என்றால் பிறப்புச் சாட்சிப் பத்திரம், பாடசாலைப் பத்திரம், நற்சாட்சிப் பத்திரம், ஓட்டப்போட்டியில் மூன்றாம் இடம் வந்த பத்திரம், எல்லாம் ஒழுங்காக அடுக்கி வைக்க வேண்டும். கூட வைத்தால் கூட மதிப்பு. உன் அன்ட்ராக்கையும், அதுதான் பயிற்சி அனுமதிக்கான விண்ணப்பத்தையும், அப்படித்தான் கட்டினேன். மேலே எல்லாரும் பார்க்கட்டும் என்று ஒரு பத்திரிகை நறுக்கை ஒட்டினேன். நீ பந்தை எறியும் படம், உன் பெயர், வென்ற செய்தி. ஓரத்தை அடிமட்டம் வைத்து நேராக வெட்டினேன்.

அந்த ஆட்டம் அடுத்த மாவட்டத்தில் நடந்தது. "எனக்குக் கடிதம் வேணும், இல்லாட்டில் வர ஏலாது" என்று நீ சொன்னபோது, "நம் அணியிலேயே ஒரு போலீஸ்காரர் இருக்கிறார், யார் உன்னைக் கேட்கப்போகிறார்கள்?" என்று தலைவர்தான் உன்னைப் பஸ்ஸில் ஏற்றினார். யாரும் கேட்கவில்லைதான். நான்தான் கேட்காமலே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வெளிநாட்டவர் கந்தோரில், அந்த அலுவலகத்து அதிகாரி நறுக்கை இரண்டு முறை வாசித்தார். கோபமே இல்லை. அடிமட்டத்தால் நான் வெட்டிய ஓரத்தை விரலால் தடவிக்கொண்டு, "இந்த ஊர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். பாடம் கேட்பதுபோல நானே வரைபடத்தில் காட்டினேன், தவம். என் விரலாலேயே காட்டினேன்.

பயிற்சிக்கு அனுமதி இல்லை. எல்லை மீறியதற்குத் தண்டம். மாநிலத்தின் மறுகோடியில் உள்ள இன்னொரு ஹைமுக்கு மாற்றம். இரண்டு வாரத் தவணை.

தலைவரிடம் போனோம். "பஸ்ஸில் ஏறச் சொன்னேனே தவிர, கடிதம் எடுக்க வேண்டாம் என்று சொன்னேனா?" என்றார். பிறகு, "விளையாட்டுக்குள் அரசியலைக் கொண்டுவரக்கூடாது, அம்மா" என்றார். நீ பட்டறையில் பிரித்து வைத்திருந்த ஓர் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

ஊர் மக்கள் கேட்டால் மாற்றத்தை நிறுத்தலாம் என்று தேவாலயத்தில் ஒருவர் சொன்னார். நான் அகராதியை வைத்து ஒரு மனு எழுதினேன். உன் கடைசி ஆட்டத்தன்று மைதான வாசலில் நின்றேன்.

முதலில் வந்த இருவர் உன் கையெழுத்து வாங்கும் தாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். வாசித்ததும், "ஆட்டம் முடியட்டும், பிறகு போடுகிறோம்" என்றார்கள். ஒருவருக்கு நகரசபையில் வேலை, கையெழுத்துப் போட்டால் சிக்கலாம். ஒருவர் கண்ணாடி கொண்டுவரவில்லை. ஹில்டா அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கே அனுப்புகிறார்கள், சிலோனுக்கா? அங்கே சூடு, அவனுக்கு அதுதான் பிடிக்கும்" என்றார். கண்ணில் நீர். பேனாவை மட்டும் வாங்கவில்லை.

நீ அன்றைக்கும் வென்றாய். உன்னைத் தோளில் தூக்கினார்கள். முடிந்ததும் எல்லாரும் பியர் கூடாரத்துக்குப் போனார்கள். வாசலில் நான், என் தாள், அதில் பயிற்சியாளரின் ஒரே ஒரு கையெழுத்து. அவரும் அந்த நாட்டுக்காரர் அல்ல. போனவர்களின் தலையிலெல்லாம் நீ எழுதிக் கொடுத்த தொப்பி.

ஆட்டத்தில் உனக்கு முன்னால் ஐந்து பேர் நின்று அடி வாங்கினார்கள். கந்தோரில் அந்த ஐந்து பேர் எங்கே போனார்கள்? நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீ புறப்பட்ட காலை, பரமு அண்ணை உன் பையை ரயில் நிலையம்வரை தூக்கிவந்தார். "மேல் கட்டிலுக்கு இனி எந்த மூதேவி வருமோ" என்று திட்டிக்கொண்டே வந்தார். ரயில் போன பிறகு, எல்லார் முன்னாலும் வாய்விட்டு அழுதார்.

அதற்குப் பிறகு நீ பந்தைத் தொடவில்லை. காலம் போக விசா கிடைத்தது. ஹோட்டல் சமையலறையில் வேலை கிடைத்தது. என் வீட்டுக்கு வரும் நாட்களில் சமையலறை வாசலில் நின்று வெங்காயத்தை என் கைக்கு எறிவாய். நான் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. உன் செத்தவீட்டுக்கு நம் ஆட்கள் மண்டபம் நிறைய வந்தார்கள். அந்த ஊரிலிருந்து ஒருவரும் இல்லை. எப்படி வருவார்கள்? நீ எங்கே இருக்கிறாய் என்று எப்போதாவது கேட்டார்களா?

போன மாதம் அந்தக் கழகம் பழைய படங்களைக் கண்காட்சியாக வைத்திருப்பதாக மகள் சொன்னாள். போனேன். பந்தோடு நீ நிற்கும் படம் பெரிதாக இருந்தது. மற்ற எல்லாருக்கும் பெயர். உனக்குக் கீழே, "எங்கள் சிலோன்காரர்". பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஹில்டா அம்மாவின் தொப்பி, கவிழ்த்து வைத்திருந்தார்கள். விளிம்பின் அடிப்பக்கம் மேலே தெரிந்தது.

முதல்முறையாக உன் எழுத்தைக் கிட்டப் பார்த்தேன். "தவராசா. அறை 14, மேல் கட்டில். வாங்கோ."

எத்தனை தொப்பிகளில் எழுதினாய் தம்பி? எத்தனை வீடுகளில் அது ஆணியில் தொங்கியது? வட்டமாக இருக்கிறது என்று சொன்ன ஒருவராவது, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருந்தால்? அவர்களை மட்டும் சொல்லி என்ன பயன். ஊர்ப் பிள்ளைகளின் கையெழுத்தையெல்லாம் திருத்திய நான், வாசலில் அத்தனை தொப்பிகளுக்கு நடுவில் நின்றேன். எனக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது. நானும் வாசிக்கவில்லை.

கண்காட்சிக்குப் பொறுப்பாக நின்ற பெண் பக்கத்தில் வந்து, "உங்களுக்கு இது விளங்குமா? அவருடைய பெயர்தானே?" என்று கேட்டாள். முழுவதையும் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது.

"அறை பதினான்கா? எந்த ஹோட்டல்?"

யன்னலால் கையை நீட்டிக் காட்டினேன். அந்த மஞ்சள் கட்டடம் இன்னும் நிற்கிறது. வேலியும் நிற்கிறது. இப்போது வேறு நாட்டு ஆட்கள் துணி காயப்போடுகிறார்கள். அவள் பார்த்தாள். பிறகு திரும்பித் தொப்பியைப் பார்த்தாள்.

தம்பி, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஒரு அட்டையில் உன் முழுப்பெயரை இரண்டு மொழியிலும் எழுதிவிட்டேன். கீழே அந்த அறை இலக்கமும், எத்தனை அடி தூரத்தில் அது இருந்தது என்பதும் இருக்கும். மைதானத்தை நடந்து அளந்துதான் எழுதினேன். அதைப் படத்தின் கீழே வைக்கும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த ரயிலில் போவேன். இப்போது என்னிடம் யாரும் கடிதம் கேட்கமாட்டார்கள்.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். நீங்கள் கைதட்டுகிற ஒருவரிடம் இந்தக் கிழமை போய், "இரவில் எங்கே படுக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வியைக் காதில் வாங்கியும் கேக்கைப் பற்றிப் பேசிய,
உன் அக்கா