கூட வந்தவர்

செப். 4, வியாழன்

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. விருதுநகரில் மழை என்று ஒன்று இருந்ததே மறந்துவிட்டது. நாக்பூரிலிருந்து நேற்றுத்தான் திரும்பினேன். கால் வீக்கம் இன்னும் வடியவில்லை.

முதலாளி போன். கம்பெனிக்குப் புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள், வெளி மாநில ஆர்டர் எடுக்க. விமானத்தில் கால் வைத்ததே இல்லையாம். "நீங்கதான் மாசத்துல பாதி நாளு மேலயே இருக்கீக. என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாதுனு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க." அடுத்த வாரத்துக்குள் வேண்டும்.

பன்னிரண்டு வருஷமாகப் பட்டாசு விற்கப் பறக்கிறேன். எழுதுவதற்கு என்ன பஞ்சம்.

1. காலையில் முதல் விமானம். அதற்கு மேல் எதைப் பிடித்தாலும் யாரோ செய்த தாமதம் உன் தலையில்.
2. சென்னையில் மாறுவதாக இருந்தால் நடுவில் இரண்டு மணி நேரமாவது வேண்டும். ஒன்றேகால் போதும் என்று டிக்கெட் போடுகிறவன் உன்னோடு ஓடி வரப் போவதில்லை.
3. ஜன்னல் சீட் முதல் தடவைக்கு மட்டும். பிறகு நடைவழி சீட். சிறுநீருக்கு இரண்டு பேரை எழுப்பிப் பார்த்தவனுக்குத் தெரியும்.
4. காலி பாட்டில் கொண்டு போ, உள்ளே பிடித்துக்கொள். காபி வாங்கிக் குடித்துவிட்டு என்னிடம் வந்து விலையைச் சொல்லி அழாதே.
5. பவர் பேங்க் கைப்பையில். சேவு கைப்பையில் போகும். ஊறுகாய் போகாது, கெஞ்சினாலும்.
6. வரிசையில் முன்னால் நின்றால் விமானம் முன்னால் கிளம்பாது. உட்கார்.
7. நம் ஆட்களுக்கு மட்டும்: கம்பெனிக்குள் போட்ட செருப்பு, பெல்ட், சட்டை கூடாது. நகத்தை ஒட்ட வெட்டு. தலைக்குக் குளி. அங்கே சோதனையில் வெள்ளைத் துணியால் துடைத்து மிஷினில் வைப்பார்கள். துளி வெடிமருந்து ஒட்டியிருந்தாலும் கத்திவிடும்.

ஏழாவதை எழுதியதும் கை நின்றுவிட்டது.

அண்ணனுக்கு மூன்று தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. நாலாவது தடவை மதினி எடுத்து, "அவுக குளிச்சிட்டிருக்காக" என்றாள். மத்தியானம் மூன்று மணிக்கு என்ன குளியல்.

அன்று நான் செய்ததை அவர் பார்த்தாரா இல்லையா. அது மட்டும் தெரிந்தால் போதும்.

செப். 5, வெள்ளி

வெயில் அப்படியே. செல்விக்குக்கூட முழுதாகச் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அண்ணன் சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை. முப்பது வருஷத்துக்கு மேல். நான் காலேஜ் போனது அந்தச் சம்பளத்தில். அவர் மகள் முத்துமாரி நாக்பூரில் இருக்கிறாள், மருமகனுக்கு அங்கே வேலை. பேரன் கவினுக்கு முதல் பிறந்தநாள். தாத்தா பேரனைப் போனில் பார்த்ததோடு சரி. எனக்கும் நாக்பூரில் டீலரைப் பார்க்கும் வேலை இருந்தது. "அண்ணே, ஒங்கள ஏரோப்பிளேன்ல ஏத்தாம விடமாட்டேன்" என்று மூன்று தீபாவளியாக வாய்ச்சவடால் அடித்துக்கொண்டிருந்தவன் நான். டிக்கெட் போட்டேன். மதினிக்கு முழங்கால் வலி, வரவில்லை.

எட்டு நாள் லீவு போடச் சொன்னேன், கை சுத்தமாக. சீசன் நேரத்தில் சம்பளமில்லா லீவு. போட்டார். புளி, எலுமிச்சம்பழம், தேங்காய் நார் எல்லாம் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கை சிவந்துபோயிருந்தது. புதுச் செருப்பு, புது வேட்டி சட்டை. நல்ல பை இல்லை என்றார். பரணிலிருந்து என் பழைய நீலப் பையை இறக்கிக் கொடுத்தேன்.

காரில் போகும்போது, "சன்னல் சீட்டாலே? காத்து வருமா?" என்றார். நான் சிரித்த சிரிப்பில் டிரைவர் திரும்பிப் பார்த்தான். அண்ணனும் சிரித்தார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

மதுரை ஏர்போர்ட். சோதனையில் நான் முன்னால், தாண்டிவிட்டேன். அவருக்கு முன்னால் நாலைந்து பேர். பெல்ட்டை மாட்டிக்கொண்டு திரும்புகிறேன், மிஷின் கத்துகிறது. இரண்டு பேர் வந்து அண்ணனை ஓரமாக நிறுத்தினார்கள். மூன்றாவது ஆள் சின்ன வயசு, மரியாதையாகத்தான் என்னிடம் வந்து அண்ணனைக் காட்டினான். "டுகெதர், சார்?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

ஒரு வார்த்தை பேசவில்லை. தலை மட்டும்.

போன வருஷம் என் பெல்ட்டினால் இதே மிஷின் கத்தி, இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, டீலரைப் பார்க்க முடியாமல் ஆர்டர் போயிற்று. "இன்னொரு தடவ இப்படின்னா ஒங்கள அனுப்புறத யோசிக்கணும்" என்று முதலாளி சொன்னார். என் அடையாள அட்டையில் பட்டாசுக் கம்பெனி பெயர். மறுநாள் காலை டீலர். இதெல்லாம் அந்த அரை நொடியில் வந்து போனது. யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். யோசித்துத்தான் செய்தேன்.

அண்ணன் பத்தடி தள்ளி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார். முகம் என் பக்கமா, மிஷின் பக்கமா? எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் அந்த இடம் மட்டும் தெளியவில்லை.

விட்டுவிடுவார்கள், ஓடி வந்து ஏறிவிடுவார் என்று சொல்லிக்கொண்டே நான் ஏறினேன். வரவில்லை. ஜன்னல் சீட் காலி. "தள்ளி உக்காருங்களேன் சார், தாராளமா இருக்கும்" என்றார் ஒருவர். தள்ளவில்லை.

சென்னையில் இறங்கிப் போன் போட்டேன். மன்னிப்புக் கேட்கவா? எங்கே. "கையக் கழுவிட்டு வாங்கனு எத்தன தடவண்ணே சொன்னேன்?" என்று கத்தினேன்.

"களுவிட்டுத்தாம்ல வந்தேன்." அதோடு வைத்துவிட்டார். அப்போது ரிங் ரோட்டில் சாத்தூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

செப். 7, ஞாயிறு

செல்வி ஆட்டுக்கறி எடுத்தாள். சாப்பிட முடியவில்லை. வயிறு சரியில்லை என்றேன். பொய் சொல்வது இப்போதெல்லாம் சரளமாக வருகிறது.

நாக்பூரில் முத்துமாரி வாசலுக்கு ஓடி வந்தாள். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அப்பா எங்க சித்தப்பா?"

"திடீர்னு காய்ச்சல்த்தா. வரமுடியல."

கேக் வெட்டும்போது தாத்தா நிற்க வேண்டிய இடத்தில் என்னை நிற்க வைத்தாள். கவின் என் மூக்கைப் பிடித்து இழுத்தான். எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவைக் குடும்பக் குரூப்பில் போட்டிருக்கிறாள். அண்ணனும் அந்தக் குரூப்பில்தான் இருக்கிறார், பார்த்திருப்பார்.

இன்று முத்துமாரி போன். பேச்சுவாக்கில், "அப்பாவுக்குக் காய்ச்சல் நல்லாயிருச்சாம். அன்னைக்கு நீங்க வந்ததுமே போன் போட்டுக் கேட்டேன்ல, 'ஆமாத்தா, லேசாக் காயுது, ஒண்ணுமில்ல'ன்னாக."

என் பொய்யை ஒரு நொடியில் பிடித்து, தன் பொய்யாக ஆக்கிக்கொண்டிருக்கிறார். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டு போன மனுஷன்.

குறிப்பில் சேர்க்க: விமானத்தில் காது அடைத்தால் எச்சில் விழுங்கு. (இதை எழுதி என்ன ஆகப் போகிறது.)

செப். 8, திங்கள்

புழுக்கம். கரண்ட் வேறு இல்லை.

அண்ணன் என் நீலப் பையைக் கம்பெனி வேன் டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். மதினி சோப்புப் போட்டு அலசியிருக்கிறாள். வெளிப்பக்கம் மட்டும். சீட்டு கீட்டு ஒன்றும் இல்லை. கோபமாக ஒரு வார்த்தை எழுதி வைத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மடித்துப் பரணில் போடப் போனேன். பக்கவாட்டு ஜிப்புக்குள் ஏதோ சரசரத்தது. லைனிங் துணி கிழிந்து, அதற்குள் ஒரு கம்பி மத்தாப்பு சாம்பிள் உறை. நசுங்கி, வாய் பிளந்து. உள்ளே விரலை விட்டேன். சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது.

ஒரு காலத்தில் திருநெல்வேலி, நாகர்கோவில் கடைகளுக்குக் கம்பெனிக் காரில் சாம்பிள் கொண்டுபோன பை அது. கைப்பிடியெல்லாம் மருந்துக் கையால் தூக்கியது. பெல்ட், செருப்பு, நகம் என்று ஊருக்குப் புத்தி சொல்கிறேன், பை ஞாபகம் வரவில்லை. எட்டு நாள் சம்பளத்தை விட்டுத் தேய்த்த கை அண்ணனுடையது. கத்தவைத்தது என் பை.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். செல்வி வந்து, "என்னங்க, வயித்து வலியா?" என்றாள். ஆமாம் என்றேன்.

செப். 10, புதன்

சாத்தூர். போன் பண்ணாமல் போனேன். பண்ணினால் குளித்துக்கொண்டிருப்பார்.

அண்ணன் வேலை முடிந்து வந்து வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் அலுமினியப் பொடியின் வெள்ளி. "வாலே, சாப்பிட்டியா?" என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி. மதினி மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. காபி டம்ளரை நங்கென்று வைத்தாள்.

"அண்ணே, பைதாண்ணே. ஒங்க கை இல்ல. எம் பைல சாம்பிள் கெடந்திருக்கு."

"தெரியும்லே."

"எப்படி?"

"மொதல்ல கையில தேய்ச்சாக. மிஷினு சும்மாத்தான் இருந்துச்சு. பையோட கைப்பிடில தேய்ச்சதும் கத்திருச்சு. யாரு பைனு கேட்டாக. அங்கன ஒரு தமிழ்ப் புள்ள நின்னுச்சு, அதுதான் நமக்கு எடுத்துச் சொல்லுச்சு. எம்பைதான்னுட்டேன்."

"ஏண்ணே? எம் பேரச் சொல்லியிருக்கலாம்லண்ணே."

"சொல்லி? ஒன்னியவும் பிடிச்சு ஒக்கார வச்சிருப்பாக. மக்யா நாளு ஆர்டரு இருக்குன்னியே. எனக்கென்னலே, நாஞ்செய்யுற வேலைக்கு அட்டை இருக்கு, காமிச்சேன். ரெண்டு மணி நேரத்துல விட்டுட்டாக. தண்ணிகூடக் குடுத்தாக."

அவர் என் பையைத் தன் பை என்று சொன்ன அதே நேரம். நான் தலையை ஆட்டிய அதே நேரம்.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். "என்னலே?" என்றார். "ஒண்ணுமில்லண்ணே" என்றேன். பார்த்தீகளா அண்ணே என்று கேட்க இரண்டு வார்த்தை போதும். பார்த்தேன் என்று சொல்லிவிட்டால்?

பத்தொன்பதாம் தேதி ரயிலில் அவரும் மதினியும் நாக்பூர் போகிறார்கள். டிக்கெட் எடுத்தாயிற்று. சென்னையில் மாற வேண்டும். நான் விமான டிக்கெட் போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். நானும் ரயிலில் வரட்டுமா என்றேன்.

"ஒனக்கு எதுக்குலே அம்புட்டு அலைச்சல். நீ பறக்குற ஆளு."

கேலியாகச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா, தெரியவில்லை. மதினி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

செப். 12, வெள்ளி

லேசாகத் தூறல், புழுதி அடங்கக்கூட இல்லை.

குறிப்பை முதலாளியிடம் கொடுத்தேன். ஏழாவதில் "பை" சேர்த்தேன், அடியில் கோடு போட்டு. மனசு கேட்காமல் நடந்ததையும் சொன்னேன். பை என்னுடையது, அண்ணனை நிறுத்திவிட்டார்கள் என்பது வரைக்கும். தலையை ஆட்டியதை விட்டுவிட்டேன்.

லோடு வண்டிக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார். "அட, அந்தப் பையத் தூரப் போடுங்க. அண்ணனுக்கு ஒண்ணும் ஆகலல்ல?" அவ்வளவுதான். அடுத்த லாரி பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

இந்த மனுஷனுக்குப் பயந்தா நான் அண்ணனைத் தெரியாது என்றேன்? போன வருஷம் ஏதோ கோபத்தில் சொன்னதை அவரே மறந்துவிட்டார். நான் மட்டும் மடியில் கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

செப். 19, வெள்ளி

விருதுநகர் ஸ்டேஷன். சாயங்கால வண்டி. வழியனுப்பப் போனேன். வர வேண்டாம் என்று அண்ணன் சொன்னதைக் கேட்கவில்லை. புதுப் பை ஒன்று வாங்கி, என் கை படாமல் கடைக்காரன் கையாலேயே கொடுக்கச் சொல்லி நேற்றே அனுப்பியிருந்தேன். அதைத்தான் எடுத்து வந்திருந்தார். மதினி, "வாங்க கொளுந்தனாரே" என்றாள். அதுவரைக்கும் சந்தோஷம்.

தீபாவளி நெருங்குகிறதல்லவா, பிளாட்பாரத்தில் ரயில்வே போலீஸ் எல்லாப் பையையும் திறந்து பார்க்கிறார்கள், யாராவது பட்டாசு கொண்டு போகிறார்களா என்று. எங்கள் முறை வந்தது. போலீஸ்காரர் அண்ணன் கையைப் பார்த்தார். எட்டு நாள் லீவெல்லாம் இந்தத் தடவை இல்லை, விரல் இடுக்கில் வெள்ளி அப்படியே இருந்தது. "பட்டாசுக் கம்பெனியா?" என்றார்.

எனக்கு என்ன ஆயிற்றோ. நடுவில் போய் நின்றேன். "சார், இவுக எங்கண்ணன். நான் இவுக கூடத்தான் வந்திருக்கேன். எதுனாலும் என்கிட்ட கேளுங்க."

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

"அத யாருங்க இப்பக் கேட்டா?" என்றார் போலீஸ்காரர். "பையத் தொறங்க."

இரண்டு பாக்கெட் சேவு. வேட்டி, துண்டு. பேரனுக்கு வெள்ளி அரைஞாண், போன தடவை கொண்டு போக முடியாதது, நகைக்கடை டப்பாவில். போலீஸ்காரர் ஜிப்பை மூடி, "போங்க பெரியவரே" என்றார்.

அண்ணன் பையைத் தோளில் மாட்டினார். என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"இப்பத்தாம்ல சொல்லுற" என்றார்.

வண்டி வந்துவிட்டது.