விரலை எதிர்த்துத் தள்ளும் கட்டை

என் பிரியமான ஸ்டீபன் அண்ணனுக்கு,

நீ செய்த கீபோர்டு கட்டை இன்னும் என் படிப்பு மேசைமேல்தான் இருக்கிறது. முந்தாநாள் பள்ளியிலிருந்து வந்ததும் குமிழைத் திருப்பி அதன் பலத்தை முழுதாகக் கூட்டிவைத்து முஷ்டியால் குத்தினேன். அது திருப்பிக் குத்தியது. விரல்முட்டித் தோல் பிய்ந்து ரத்தம் வரும்வரை நாங்கள் இருவரும் அடித்துக்கொண்டோம்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் நம் தேவாலயத்தின் பழைய ஆர்கனைக் கரையான் தின்றபின் ஒரு மின்சாரக் கீபோர்டு வாங்கினார்கள். ஞாயிறுதோறும் நீதான் வாசித்தாய். உனக்கு அது பிடிக்கவேயில்லை. "விரல் கேள்வி கேக்குது, பதில் சொல்ல ஆளில்ல லா" என்பாய்.

நீ வேலை பார்த்த தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க் செய்தார்கள். கழித்துப்போட்ட டிஸ்க்குக்குள் காந்தங்களுக்கு நடுவே ஒரு கம்பிச்சுருள் இருக்கும். மின்சாரம் பாய்ந்தால் துள்ளும். சூப்பர்வைசரிடம் கேட்டு அவற்றைக் கழிவுத் தொட்டியிலிருந்து எடுத்து வந்து, ஒரு கீபோர்டு கட்டைக்கு அடியில் பொருத்தினாய். கட்டை எவ்வளவு கீழே போகிறது என்று சர்க்யூட் கவனிக்கும். அதற்கேற்ற பலத்தோடு விரலை எதிர்க்கும். ஒரு குமிழைத் திருப்பினால் கனமான பியானோ. இன்னும் திருப்பினால், தந்தியை மீட்டும்போது விரல் சட்டென்று நழுவுமே, அந்த நழுவல்.

முதல் தடவை அது என் விரலைத் தள்ளியபோது, உள்ளே யாரோ இருப்பதுபோல் பயந்து கையை இழுத்துக்கொண்டேன். "யாரு இருக்கா, உங்க ஹெட்மிஸ்ட்ரஸா?" என்று கேட்டாய்.

அதைப் பள்ளி அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அடம்பிடித்தது நான். நீ தயங்கினாய். ஏன் தயங்கினாய் என்று நான் கேட்டிருக்கலாம்.

இனி எழுதப்போவது உனக்கும் தெரியாதது.

கண்காட்சிக்கு ஒரு மாணவியின் அப்பா வந்தார். கட்டையை நாலைந்து தடவை அழுத்தி, குழந்தைபோல் சிரித்தார். சாமானெல்லாம் எங்கே கிடைத்தது என்று கேட்டார். கேட்ட கேள்விக்குப் பாதி பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. தொழிற்சாலை, கழிவுத் தொட்டி, உன் பெயர், உன் ஷிஃப்டு, எல்லாம் சொன்னேன். "எடுத்த டிஸ்க் ஒரு பத்து இருக்குமா?" என்றார். கண்காட்சிக்காகக் கணக்கு எழுதிய நோட்டைத் திறந்து காட்டி, "பத்தொன்பது, அங்கிள்" என்று திருத்தினேன்.

"கெட்டிக்காரப் பொண்ணு" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தொழிற்சாலையின் கழிவை லோரியில் அள்ளி விற்கும் குத்தகை அவருடையது என்று எனக்கு அன்று தெரியாது.

நான்காம் நாள் மாலை நீ வீட்டுக்குக் கீழே மோட்டார்சைக்கிளை நிறுத்தும்போது லோரி வந்தது. மூன்று பேர், கையில் இரும்புக் குழாய். நான் மாடி வராந்தாவில் நின்றிருந்தேன். "எந்தக் கையால எடுத்தடா?" என்றான் ஒருவன். நீ வாய் திறக்குமுன் உன் வலது கையைத் தரையில் மிதித்துப் பிடித்து அடித்தார்கள். பிறகு இடது கையை. விரல்கள் உடையும் சத்தம் மூன்று மாடி ஏறி வந்தது. அந்த வலியிலும் நீ மேலே பார்த்து, "எஸ்தர், உள்ள போ, கிரில்ல பூட்டு" என்றாய். பூட்டினேன். கம்பிகளுக்கு நடுவே பார்த்தபோது அடி உன் தலையில் விழுந்தது.

லோரிக் கதவில் சாய்ந்து அந்த அங்கிள் நின்றிருந்தார்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் நீ போய்விட்டாய். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, "நீ எதையும் பாக்கல. ஒண்ணு போச்சு, இன்னொண்ணயும் என்னால குடுக்க முடியாது" என்றார். போலீஸிடம் நான் எதையும் பார்க்கவில்லை என்றேன். அம்மா சொன்னதால் என்று எல்லோரும் நினைக்கலாம். அது பொய், அண்ணே. அந்த அங்கிளைப் பார்த்தேன் என்றால், உன்னைப் பற்றி அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அடுத்த கேள்வி வரும்.

அடித்த மூன்று பேர் மட்டும் பிடிபட்டார்கள், வழக்கும் அவர்கள்மேல் மட்டும்தான். அந்த அங்கிள் இன்னும் மகளைக் காரில் பள்ளிக்குக் கொண்டுவந்து விடுகிறார். முந்தாநாள் கண்ணாடியை இறக்கி, "படிப்பெல்லாம் எப்படிம்மா போகுது?" என்றார். "நல்லா போகுது, அங்கிள்" என்றேன். அதன்பிறகுதான் வீட்டுக்கு வந்து கட்டையைக் குத்தினேன்.

கையைப் பற்றி அவர்கள் கேட்டபோது, சொன்னது நான்தான் என்று உனக்குப் புரிந்துவிட்டதா? புரிந்தும்தான் என்னை உள்ளே போகச் சொன்னாயா?

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கன்னத்தில் இரண்டு அறை விழுந்தது. காது இன்னும் இரைகிறது. பிறகு அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில், "கோர்ட்டு என்னைக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம். நாங்கள் இருவரும் போகிறோம். நான் பார்த்ததையும் சொல்வேன், நான் பேசியதையும் சொல்வேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அதை அங்கே, அவர் காதுக்கும் எட்டும்படி சொல்கிறேன். இது அச்சில் வந்துவிட்டால் என்னால் பின்வாங்க முடியாது. அதற்காகத்தான் அனுப்புகிறேன்.

உன் தங்கச்சி,
எஸ்தர்