திருப்பிப் போட்ட மரங்கள்

குன்னூர், செவ்வாய் இரவு

இடிமழையின்போது சில சமயம் காற்று மேகத்திலிருந்து நேராக இறங்கித் தரையில் மோதிச் சிதறும். போன வாரம் கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரங்களைச் சாய்த்தது அதுதான். அந்தக் காற்று எப்படி வீசியிருக்கும் என்று கணினியில் மாதிரி செய்து ஓட்டினேன். மரங்கள் கிடந்த திசையோடு பொருந்தும்வரை மாற்றி மாற்றி ஓட்டினேன். தொழிலாளர்கள் குடியிருக்கும் மூன்றாம் லயன் வரிசை வீடுகளுக்கு இனி இப்படிக் காற்றடித்தாலும் ஆபத்தில்லை என்று அறிக்கையும் எழுதிவிட்டேன்.

இன்று அங்கே கொழுந்து பறிக்கும் ராசாத்தியக்காவிடம் மரங்களின் படங்களைக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

"ஏனுங்க, இதெல்லாம் விழுந்தபடியா கெடக்குது? லாரியில ஏத்தோணும்னு நாங்கதானுங்க ரோட்டுப் பக்கமா திருப்பிப் போட்டோம்."

ஆள் இழுத்துப் போட்ட திசைக்கா இத்தனை நாள் காற்றை வளைத்தேன்!

அறிக்கையை அழித்துவிட்டேன். வேர் பெயர்ந்த குழிகள் அப்படியே இருக்கின்றன; மரம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று அவை காட்டும், அவற்றை யாரும் திருப்ப முடியாது. நாளை முதல் பஸ்ஸில் போய் ஒவ்வொன்றாக அளப்பேன். முதலிலிருந்து ஓட்டுவேன். குழிகளைக் காட்ட அக்காவே வருகிறாராம். கிளம்பும்போது, வீடு எங்கே என்று கேட்டேன்.

"மூணாவது லயனுங்க."