கொம்பன் ஆந்தை இருக்கும் இடம்

சார்,

உங்கள் பைனாகுலரில் இன்னும் மூக்குப்பொடி வாசனை போகவில்லை. காரியம் முடிந்த மறுநாள் உங்கள் மகன் அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பஞ்சால் பலமுறை துடைத்துவிட்டேன். ஆனாலும் கண்ணில் வைத்தால் முதலில் தும்மல் வருகிறது, பிறகுதான் பறவை தெரிகிறது. போனவர் மேல் கோபப்படுவது முறையா என்று எனக்குத் தெரியவில்லை. நேரில் சொல்லத் தைரியம் இருந்ததில்லை என்பதால் எழுதுகிறேன்.

பக்கத்துப் பக்கத்து மேசையில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தோம். ஓய்வு பெற்ற பிறகும் நமக்குள் அந்த ‘சார்’ போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முதல் பஸ்ஸைப் பிடித்து முக்கொம்பில் இறங்கி, கொள்ளிடக் கரையோடு நடப்போம். எதிரே வருபவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டு நீங்கள் முன்னால் போவீர்கள். அந்தப் பேச்சில் பறவை கலைந்துவிடுமே என்ற கவலையோடு நான் பின்னால் வருவேன்.

கொம்பன் ஆந்தையை முதலில் கண்டது நீங்கள்தான். ஆறு அரித்த செங்குத்தான மண்கரையில், வேர்களுக்கு நடுவே, மண்ணின் நிறத்திலேயே அது உட்கார்ந்திருந்தது. ஆரஞ்சுக் கண்ணைத் திறந்து அது நம்மைப் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். அதன் வயிற்றுக்கடியில் வெள்ளைப் பஞ்சாகக் குஞ்சுகள்.

திரும்பும் பஸ்ஸில், இடத்தை மட்டும் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சிரித்தீர்கள்.

“நீங்க புரமோஷன் வந்ததையே வீட்ல சொல்லாத ஆளு சார்.”

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள்: “ஆந்தைன்னா அபசகுனம்னு கல்லெடுக்கறாங்க. கிட்ட வந்து பார்த்தாத்தானே பிரியம் வரும்? பிரியம் வந்தாத்தான் காப்பாத்துவாங்க.”

உங்களிடம் வாதாடி நான் எப்போது ஜெயித்திருக்கிறேன்? அன்றைக்கே உங்கள் பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் படம் போனது, இடமும் போனது.

வந்தார்கள். பிரியத்தோடுதான் வந்தார்கள். உட்கார்ந்திருக்கும் ஆந்தையின் படம் அவர்களுக்குப் போதவில்லை, பறக்கும் படம் வேண்டியிருந்தது. ஒருவர் மண்ணாங்கட்டியை எறிந்தார். பகல் வெளிச்சத்தில் எழும்பிய தாயைக் காக்கைகள் கூட்டமாக விரட்டின. ஒருநாள் அல்ல, வாராவாரம். பிறகு ஒரு ஞாயிறு அந்தப் பொந்து காலியாக இருந்தது. அந்த மண்ணாங்கட்டி அபசகுனத்துக்கு அஞ்சியவன் எறிந்ததல்ல சார். நீங்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “அடுத்த வருஷம் வரும் சார்” என்றீர்கள். அடுத்த வருஷம் நீங்களே இல்லை.

இந்த வருஷம், அதே கரையில் வெகுதூரம் கிழக்கே, ஒரு ஜோடியைக் கண்டேன். இரண்டு குஞ்சுகள். யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. தனியாகப் போய், தள்ளி நின்று பார்த்துவிட்டு வருவேன். காப்பது என்றால் இப்படித்தான் என்று உங்களுக்கு மனதுக்குள்ளேயே பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

மாசியில் ஒரு காலை அந்தக் கரைமேல் பொக்லைன் நின்றது. கரையைச் சரித்து நடைபாதை போடப் போகிறார்களாம். மேற்பார்வையாளரிடம் என்னால் முடிந்த அளவு சொல்லிப் பார்த்தேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார்.

“ஒத்த ஆளா வந்து ஆந்தை, குஞ்சுன்னு சொன்னா நான் மேல என்னன்னு சார் சொல்றது? நாலு பேரு சேர்ந்து வந்து கேளுங்க, நிறுத்திடலாம்.”

என்னிடம் நாலு பேர் இல்லை. அப்படி ஒருவரும் இல்லாதபடி நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களுடைய அதே குரூப்பில் எழுதினேன். எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் இடத்தையும் போட்டேன். மறுநாளே வந்தார்கள். அன்று மண்ணாங்கட்டி எறிந்தவரும் வந்தார். வனத்துறையில் அவருக்குத் தெரிந்தவர் இருந்தார், பேசினார். குஞ்சுகள் பறக்கும்வரை வேலையை நிறுத்திவைப்பது என்று முடிவானது. அவருக்கு நன்றி சொன்னேன். வேறென்ன செய்வது?

அடுத்த ஞாயிறு கரை நெடுகக் கார்கள். அதே மனிதர் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு குனிந்து மண்ணாங்கட்டியைப் பொறுக்கினார். வேண்டாம் என்றேன்.

“இடத்தைப் போட்டதே நீங்கதானே பெரியவரே? கூப்பிட்டுட்டு இப்ப கண்ண மூடிக்கச் சொன்னா எப்படி?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேகம் மறைத்து வெளிச்சம் போய்விட்டதால் அவர் கையிலிருந்ததைக் கீழே போட்டார். நான் சொன்னதற்காக அல்ல.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அவர்களுக்கும் பொந்துக்கும் நடுவே போய் நிற்கிறேன். பிரியம் வந்தால் காப்பாற்றுவார்கள் என்ற உங்கள் பேச்சை நான் நம்பவில்லை சார். ஆனால் வருகிறவர்களிடம் அதைத்தான் சொல்கிறேன், உங்கள் சத்தம் இல்லாமல், உங்கள் சிரிப்பும் இல்லாமல். சிலர் தள்ளி நிற்கிறார்கள். பலர் என்னைத் தாண்டிப் போகிறார்கள். குஞ்சுகள் பறந்த மறுநாள் பொக்லைன் வரும். பறக்காதவரை இவர்கள் வருவார்கள். சீக்கிரம் பறந்துவிடட்டும் என்று வேண்டுவதா, இன்னும் கொஞ்ச நாள் பறக்காமல் இருக்கட்டும் என்று வேண்டுவதா என்று தெரியாமல் நிற்கிறேன்.