மூச்சு மெஷினும் மருந்து ரூமும்

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்து மேல்காற்று. வாயெல்லாம் மண். மெஷின் வந்துவிட்டது.

மதுரையிலிருந்து ஒரு ஆள் கொண்டுவந்து கட்டில் பக்கம் ஸ்டூலில் வைத்தான். டிபன் கேரியர் உயரத்துக்குப் பெட்டி, ஒரு குழாய், மூக்கை மூடும் ரப்பர் மாஸ்க், தலையைச் சுற்றி நாலு பட்டை. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுகிற கவனத்தோடு எனக்கு மாட்டிக் காட்டினான். "கொழந்த மாதிரி தூங்குவீங்க மேடம்." எந்தக் குழந்தையைப் பார்த்தான் இவன்.

பிற்பாடு நானே மழுப்பாமல் இருக்க எழுதி வைக்கிறேன். நான் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வெடிமருந்து கலக்கும் ரூம் வாசலில் உட்கார்ந்து, எடை சரிபார்த்து, உள்ளே கலக்குபவர் கை பிசகாமல் கவனிப்பது வேலை. போன மாதம் ஒரு காலையில், செல்லத்தாயக்கா உள்ளே கலக்கிக்கொண்டிருக்க, நான் வெளியே நாற்காலியில் தூங்கிப்போனேன். மேனேஜர் ரவுண்ட்ஸ் வந்தபோது வாய் திறந்திருந்ததாம். ஊதல் சத்தம் வேறு. டாக்டர் சொன்னது: தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால்தான் பகலில் விழுகிறேன். இரண்டு வாரம் மாஸ்க் போட்டுத் தூங்கி, மணிக்கணக்கு பதிவாகும் மெஷின் சிப்பைக் கொண்டுபோனால் லெட்டர் தருவார். லெட்டர் இருந்தால் மருந்து ரூம். அதுவரை பேக்கிங்.

ஜூலை 8, செவ்வாய்
மா (மாஸ்க் போட்டிருந்த நேரம்): 50 நிமிடம். சுவர்க் கடிகாரத்தில் பார்த்தது.

காற்று மூக்குக்குள் வருவதில்லை, ஏறுகிறது. வாயைத் திறந்தால் வாய் வழியாக வெளியே ஓடுகிறது. "தண்ணி வேணும்" என்று சொல்லப்போய் பலூன் இறங்குகிற சத்தம் வந்தது. அம்மா பக்கத்து ரூமிலிருந்து, "என்னது அது?" நான்தான்.

ஜூலை 10, வியாழன்
மா: 1.20. விழித்தபோது மாஸ்க் கட்டிலுக்கு அடியில். கழற்றியது நினைவில்லை. தூக்கத்தில் என் கைகளுக்குத் தனி அபிப்பிராயம் இருக்கிறது.

மெஷின் தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர் வேண்டும். பேட்டரிக் கடையில் வாங்கினேன். கடைக்காரர்: "இன்வெர்ட்டருக்கா, வண்டிக்கா?" மூக்குக்கு என்று சொல்லவில்லை.

பட்டைத் தழும்பு மத்தியானம்வரை கன்னத்தில். பேக்கிங்கில் ஒருத்தி இன்னொருத்தியிடம், எனக்குக் கேட்கிற மாதிரி: "மேடம் வீட்லயும் மருந்து கலக்குறாகளோ, மொகமூடித் தடம் கெடக்கு." "நீ சும்மா கெட. வீட்டுக்காரன்கிட்ட அடி வாங்குனா இப்பிடித்தான் இருக்கும்." "கல்யாணமே ஆகலையேடி." "அப்பப் புண்ணியம் செஞ்சவுக." இரண்டாயிரம் பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டே பேசுகிறார்கள், ஒன்றுகூடக் கோணலாக ஒட்டுவதில்லை. நான் ஒட்டியது எல்லாம் கோணல்.

ஜூலை 12, சனி
இரண்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. மெஷின் நின்றது, மாஸ்க் நிற்கவில்லை. கிணற்றுக்குள் போட்டு யாரோ மூடியதுபோல மூச்சுமுட்டி எழுந்தேன்; இழுத்த இழுப்பில் பட்டையோடு முடியும் பிய்ந்து வந்தது. அப்பா டார்ச்சோடு வாசலில் வந்து நின்றார். கரண்ட் வரும்வரை போகவில்லை.

காலையில் மெஷினைப் போட்டால் நீலகிரித் தைல வாடை. அம்மா தொட்டியில் நாலு சொட்டு விட்டிருக்கிறாள். "சளிக்கு நல்லது." சளி யாருக்கு? உறவுக்காரர்கள் வந்தால் மெஷின்மேல் துண்டு போட்டு மூடுகிறாள். கூண்டுக்கிளி மாதிரி இருக்கிறது. வந்தவர்கள் அனைவரும் துண்டையே பார்த்துக்கொண்டு காபி குடிக்கிறார்கள்.

ஜூலை 15, செவ்வாய்
மா: 3.00. சாதனை.

படித்த நாவல்களில் எல்லாம் தூக்கம் வராதவர்கள் மெலிந்து, அழகாக, ஜன்னலோரம் நிற்கிறார்கள். குறட்டை விடுகிற கதாநாயகி ஒருத்தி இல்லை. குறட்டை எப்போதும் மாமாக்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் சமையல்காரர்களுக்கும்தான். இருபத்தெட்டு வயதில் எனக்கு இலக்கியத்தில் இடம் சமையல்காரர் பக்கத்தில்.

சிக்கல் கண்ணில். மாஸ்க் மேல்பக்கம் கசிந்து கண்ணுக்குள் ஊதுகிறது. காலையில் அழுதவள் முகம். அழவில்லை. பதிவுக்காக.

ஜூலை 17, வியாழன்
ஸ்கிரீனில் மணிநேரம் பார்ப்பது எப்படி என்று இன்றுதான் கண்டுபிடித்தேன். நேற்றைக்கு ஏழரை மணி நேரம் என்று காட்டியது. நான் போட்டிருந்ததோ மூன்றேகால் மணி நேரம்தான்.

மாஸ்க்கை முகர்ந்தேன். அப்பா மீசைக்குப் போடுகிற விளக்கெண்ணெய்.

அப்பா மறுக்கவில்லை. கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர், அரை மார்க் குறைந்தாலும் பெயில் போட்டவர், செய்தித்தாளை மடித்துக்கொண்டே சொல்கிறார்: "மணிக்கணக்கு ஏறணும்னுதானே சொன்னாக. நான் மத்தியானம் சும்மாதான படுத்துக் கெடக்கேன். திங்கக்கெழமையில இருந்து போட்டுக்கிடுதேன். மூச்சுல பேரா எழுதியிருக்கு?"

"நீங்க செய்றது தப்புப்பா."

"ஒங்க கம்பெனியில ஆபீசர் வாரதுக்கு முந்தின நாள் ஒரு மாச ரிஜிஸ்டரையும் ஒக்காந்து எழுதுதாகன்னு நீதான சொல்லிச் சிரிச்ச."

அம்மா அடுப்படியிலிருந்து: "சீசன் நேரம். வேல போச்சுன்னா திரும்பக் கூப்பிட மாட்டாக. ஒங்கப்பாவுக்கும் அதப் போட்டா நல்லாத்தான் ஒறக்கம் வருதாம்."

இதுதான் எங்கள் ஊர் நேர்மை. வெடிக்கிற பொருளைச் செய்கிறோம், காகிதத்தில் மட்டும் எதுவும் வெடிப்பதில்லை. மாஸ்க்கைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். நாளை மத்தியானம் போடாதீர்கள் என்று சொல்லவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 21, திங்கள்
மதுரை. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் தூங்கினேன்.

டாக்டர் சிப்பைப் போட்டுக் கடைசி வரியை மட்டும் பார்த்தார். "கடைசி வாரம் டெய்லி ஏழுக்கு மேல. ரொம்ப நல்லா பழகிட்டீங்க. சில பேர் வருஷக்கணக்கா அடம்பிடிப்பாங்க." பாதி பகலில் ஓடியிருக்கிறது என்பது அதே பக்கத்தில் மேலே இருந்தது. கண்ணை உயர்த்த நேரமில்லை அவருக்கு. வாயைத் திறக்க நேரமில்லை எனக்கு. லெட்டரை மடிக்காமல் பைலில் வைத்துக் கொண்டுவந்தேன். மரியாதை!

ஜூலை 22, செவ்வாய்
மா: 3.10.

மேனேஜர் லெட்டரைப் படிக்கவில்லை. சீலை மட்டும் பார்த்தார். "ஆள் இல்லாம தெணறிக்கிட்டு இருக்கோம், உடனே ரூமுக்குப் போங்கம்மா."

ஆறரை மணி, வெயில் ஏறவில்லை. பருத்திச் சேலைதானா என்று கேட்டில் பார்த்து உள்ளே விட்டார்கள். வாசலில் பதித்த செம்புத் தகட்டில் கை வைத்து, பொறி பறக்காமல் இருக்க உடம்புக் கரண்டை இறக்கினேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். செல்லத்தாயக்கா ஏற்கெனவே உள்ளே, அலுமினியப் பொடி படிந்து முழங்கைவரை வெள்ளி. சல்லடை கையில்.

"வந்துட்டீகளா மேடம். ஒறக்கம் வருதா இப்ப?"

"டாக்டர் லெட்டர் குடுத்துட்டாக அக்கா."

"லெட்டர நான் கேக்கல."

எடை நோட்டைத் திறந்தேன்.

"ராத்திரி எம்புட்டு நேரம் ஒறங்குனீக?"

"மூணு மணி நேரம்."

சல்லடையைக் கீழே வைத்தார். மெதுவாக, ரப்பர் விரிப்பின்மேல், சத்தமில்லாமல், வைக்க வேண்டிய முறையில். வெளியே வந்து வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்.

"போயிச் சொல்லிட்டு வாங்க. நான் இங்கன இருக்கேன்."

கோபம் இல்லை. பஸ்ஸுக்கு உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருந்தார். அவருக்குப் பீஸ் கணக்கில் கூலி, உட்கார்ந்திருந்தால் ஒன்றும் கிடையாது.

ஆபீஸ்வரை இருநூறு அடி இருக்கும். அந்த இருநூறு அடியில் எனக்குத் தோன்றிய பொய்களின் தரம் நன்றாக இருந்தது. நிறையப் படித்ததன் பலன்.

சொன்னேன். "லெட்டர்ல இருக்கிற மூச்சுல பாதி எங்கப்பாவோடது சார்."

மேனேஜர் லெட்டரை என் பக்கம் தள்ளினார். "அப்ப அவுகளக் கூட்டியாந்து ரூம் வாசல்ல ஒக்கார வைங்க." கிளார்க் சிரித்தான். பிறகு என் இடத்துக்கு, காதில் இயர்போன் இல்லாமல் நடக்கத் தெரியாத இன்னொரு போர்மேனை அனுப்பினார்கள். செல்லத்தாயக்கா அவனிடம் காதைத் தொட்டுக் காட்டி, அவன் அதைக் கழற்றி கேட்டில் கொடுத்துவிட்டு வரும்வரை எழுந்திருக்கவில்லை.

எனக்குச் சீசன் முடியும்வரை பேக்கிங். "அப்புறம் பாப்போம்" என்றார் மேனேஜர். அப்புறம் பார்ப்போம் என்றால் இந்தக் கம்பெனியில் கிடையாது என்று அர்த்தம்.

ஜூலை 23, புதன்
மா: 4.30. ஒரே மூச்சில். காற்று குறைவு, புழுக்கம்.

நேற்றே வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா பாத்திரங்களோடு பேசினாள். இன்று காலை நான் செருப்பு மாட்டும்போது அப்பா பின்னால் வந்து நின்றார்.

"அந்தம்மா. உள்ள ஒக்காந்து கலக்குதாகல்ல, அவுக. அவுகளுக்கு எத்தன பிள்ளைக?"

மூன்று வருஷம் அந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். தெரியாது என்றேன்.