ராகிக்குள் கனிந்த பேரிக்காய்

அன்றைக்கு உன் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன் அக்கா. கட்டிலில் நீ. உன் மகன் முருகேசன், மருமகள் ராணி, பேரன் சதீஷ். எனக்கு அண்ணனும் உனக்குத் தம்பியுமான மாதப்பன். அப்புறம் நான். இன்று காலை என் வீட்டு ராகி டிரம்மைத் திறந்ததும் நான் கனியப் புதைத்திருந்த பேரிக்காயின் வாசனை முகத்தில் வந்து மோதியது. மூடியைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன்.

தொண்டைப் புண்ணில் உனக்குக் கஞ்சிகூட இறங்காத நாட்கள் அவை. நீ கேட்டது ஒன்றே ஒன்று, நன்றாகக் கனிந்த பேரிக்காய். மாரண்டஹள்ளியில் வாங்கிய ஐந்தும் கல் மாதிரி இருந்தன. காகிதத்தில் சுற்றி உன் ராகி டிரம்மில் புதைத்தேன். தினமும் கையை விட்டு, காம்புக்குப் பக்கத்தில் அமுக்கிப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன்.

"அவசரப்படாத. அது உள்ளாற இருந்து கனியும். மேல மஞ்சளாவட்டும்னு உட்டா உள்ள மாவாப் பூடும்" என்பாய். வேறெதற்கும் எழாத குரல் அதற்கு மட்டும் எழும்.

ஆறாம் நாள் விடியலில் விரல் அமுங்கியது. குளித்துவிட்டு வந்து நறுக்கித் தருகிறேன் என்று உன்னிடம் சொல்லிப் போனேன். சதீஷுக்குப் பெண் நிச்சயம் செய்ய எல்லோரும் பாப்பிரெட்டிப்பட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் வருவதற்குள் ஐந்து பழமும் வரிசைத் தட்டில் ஏறிவிட்டன. எட்டுத் தட்டுதான் சேர்ந்திருந்தது, ஒற்றைப்படையில் இருக்க வேண்டுமே என்று ராணி அந்த வாசனையைப் பிடித்துப் போய் ஒன்பதாவதை நிரப்பியிருந்தாள். முந்தின நாள்தான் ஓசூரிலிருந்து வந்தவள், யாருக்காக வைத்தது என்று அவளுக்குத் தெரியாது.

அண்ணனுக்குத் தெரியும். ஒன்றை எடுக்கப் போன என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தட்டுல வெச்சத எடுக்கக் கூடாது. பையனுக்கு நல்லது நடக்கணுமா, வேணாமா?"

"அக்காவுக்குண்ணா. ஒண்ணே ஒண்ணு."

"நாளைக்கு வாங்கிக்கலாம் உடு."

நீ கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். போகட்டும் என்று கையை அசைத்தாய். வண்டி போய்விட்டது. உனக்கு வெந்நீரை ஸ்பூனில் ஊட்டினேன்.

சாயங்காலம் திரும்பி வந்த அண்ணன் உன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, "பேரிக்கா நல்லாத்தான் கனிஞ்சிருந்துச்சு, வாயில வெச்சதும் கரைஞ்சிருச்சு" என்றார். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

மறுநாளே வேறு ஐந்து வாங்கிப் புதைத்தேன். நான்காம் நாள் நீ போய்விட்டாய். அவை அதற்கப்புறம்தான் கனிந்தன. உன் படையலில் வைக்கச் சொன்னார்கள். முடியாது என்று மாட்டுக்குப் போட்டேன்.

இன்றைக்கு ஒரு துண்டு தின்றேன். இனிப்பாகத்தான் இருக்கிறது, அதுதான் தாங்கவில்லை. இப்போதெல்லாம் எந்த விசேஷமானாலும், வீட்டில் நோயில் படுத்திருப்பவர் வாயில் முதல் துண்டை வைத்துவிட்டுத்தான் தட்டைத் தொட விடுகிறேன்.

விஷயம் தெரிந்ததும் ராணி என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் மேல் எனக்கு ஒன்றுமில்லை. நீ எல்லோரையும் மன்னித்துவிட்டுப் போயிருப்பாய், உன் குணம் அப்படி. எனக்கு அந்தக் குணம் வராது அக்கா. நீ இடுப்பில் தூக்கி வளர்த்தாயே, அந்த மாதப்பனை நான் மன்னிக்க மாட்டேன்.